மூணு வார்த்தை, ஒரு முற்றுப்புள்ளி

'செமன்டிக் வெப்'னு ஒரு சமாச்சாரம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? பொட்டி தட்டற வேலையில கொஞ்சம் வயசானவங்ககிட்ட இந்தப் பேரைச் சொன்னீங்கன்னா ஒரு மாதிரி சிரிப்பாங்க. நின்னு போன கல்யாணத்தைப் பத்திக் கேட்ட மாதிரி ஒரு சிரிப்பு. இளவட்டங்ககிட்ட சொன்னா "அப்படீன்னா?"ம்பாங்க. ஆனா அதே இளவட்டங்கதான் 'நாலெட்ஜ் கிராஃப்'னு வேற பேர்ல கிட்டத்தட்ட அதே வேலையைச் செஞ்சுகிட்டு இருக்காங்க. பழைய கள்ளு, புது மொந்தை :-)

நான் எழுத வந்தது அந்தக் கனவுக்காக நாலு பேர் உக்காந்து எழுதின கருவிகள், லைப்ரரிகள் பத்தி. கனவு பாதி வழியில நின்னுடுச்சு. கருவிகள்ல சிலது நிக்கலை, இன்னும் ஓடிட்டு இருக்கு. என்கிட்ட இருக்கற ஒரு பழைய ஃபைல் இன்னைக்கும் திறக்குதுன்னா அந்த மாதிரிக் கருவிகள் புண்ணியம்தான். அது என்ன ஃபைல்னு கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன். முன்கதை தெரியாதவங்களுக்காக முதல்ல கொஞ்சம் ஜல்லி.

2001 மே மாசம் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில ஒரு கட்டுரை வந்துச்சு. எழுதினவங்க டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹென்ட்லர், ஓரா லசீலா. வலையைக் கண்டுபிடிச்சவரே எழுதினதால எல்லாரும் படிச்சாங்க. அதுல பீட், லூசின்னு கூடப் பொறந்தவங்க ரெண்டு பேர். அவங்க அம்மாவுக்கு பிசியோதெரபி வேணும். ஒரு மென்பொருள் ஏஜென்ட் தானாவே இணையத்துல அலசி, இன்சூரன்ஸ்ல வர்ற, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற, நம்பகமான ஆளைப் பிடிச்சு, இவங்க ரெண்டு பேருக்கும் தோதான நேரத்தையும் குறிச்சுக் குடுத்துடும். மனுஷன் படிக்கறதுக்காக எழுதின பக்கங்கள்ல இருக்கற விவரம் இயந்திரத்துக்கும் புரியணும்ங்கறதுதான் ஆசை.

அந்த ஏஜென்ட் அப்போ வரவே இல்லை. ஆனா அதுக்குன்னு போட்ட அஸ்திவாரம் நல்ல அஸ்திவாரம்.

அதுக்குப் பேரு ஆர்டிஎஃப். 1999 பிப்ரவரியில டபிள்யூ3சி-யோட பரிந்துரையா வந்தது. பேர்தான் பயமுறுத்தும், உள்ளே இருக்கறது பள்ளிக்கூடத்து இலக்கணம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மாதிரி மூணு துண்டு. "தமிழ்நாடு – தலைநகர் – சென்னை." இதை ட்ரிப்பிள்னு சொல்றாங்க. எந்தத் தகவலையும் இப்படி மூணு மூணா உடைச்சு எழுதிடலாம்ங்கறதுதான் மொத்த சித்தாந்தமும். நம்ம ஊர்க் கல்யாணத்துல மொய் நோட்டு எழுதறவரும் இதையேதான் பண்றார். இன்னார், வச்ச மொய், இவ்வளவு.

இதுல ஒரு கூடுதல் விதி உண்டு. சொல்ற பொருளுக்கு ஒரு நிரந்தரப் பேர் வேணும். அது இணைய முகவரி மாதிரி இருக்கும், யூஆர்ஐ-ன்னு பேரு. ஏன்னா மெட்ராஸ்னு எழுதினவரும் சென்னைன்னு எழுதினவரும் ஒரே ஊரைத்தான் சொல்றாங்கன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. இப்ப விக்கித்தரவுல அந்த ஊருக்கு கியூ1352-ன்னு ஒரு எண். மெட்ராஸ், சென்னை ரெண்டும் அந்த எண்ணுக்கு ஒட்டின லேபிள்தான். 1996-ல பேர் மாறின மாதிரி நாளைக்கு இன்னொரு தடவை மாறினாலும் லேபிள்தான் மாறும், எண் மாறாது. தமிழ் மொழிக்கு கியூ5885. இந்தப் பேர் வைக்கற விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இந்தக் கதையில நம்ம ஊர் சம்பந்தம் ஒண்ணு உண்டு. ஆர்.வி. குஹான்னு ஒருத்தர், சென்னை ஐஐடியில படிச்சவர். ஆப்பிள்ல இருந்தப்போ எம்சிஎஃப்-னு ஒரு வடிவத்தை உருவாக்கினார். அப்புறம் நெட்ஸ்கேப்புக்குப் போய், டிம் ப்ரேயோட சேர்ந்து அதை எக்ஸ்எம்எல்-லுக்குக் கொண்டு வந்தார். ஆர்டிஎஃப் பொறந்த வழிகள்ல அது ஒண்ணு. 1999-ல நெட்ஸ்கேப் வெளியிட்ட முதல் ஆர்எஸ்எஸ்-லயும் அவர் கை இருந்துச்சு. அதுவே ஆர்டிஎஃப்-லதான் எழுதப்பட்டுச்சு. 2004-ல தமிழ்மணம் வந்த காலத்துல, நாம எங்கேயோ எழுதற பதிவு திரட்டியில போய்த் தானா நிக்குமே, அந்தச் செய்தியோடைக்குப் பாட்டன் இதுதான். செமன்டிக் வெப்னு பேர் தெரியாமலே அதோட ஒரு ஓரத்துல நாமளும் குடியிருந்திருக்கோம்.

சரி, ஜல்லி போதும். என் ஃபைலுக்கு வர்றேன்.

எங்க பெரியப்பா ஒரு புத்தகப் பைத்தியம். வீட்டுல 1,140 புத்தகம் வச்சிருந்தார். எல்லாத்தையும் ஒரு நீளமான பேரேட்டுல வரிசை எண் போட்டு எழுதி வச்சிருந்தார். 2007-ல "டேய், இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு"ன்னார். எக்செல் ஷீட் வேலைன்னு தோணும். பேரேட்டைத் திறந்து பாத்தா கதை வேற.

ஒரு புத்தகத்துக்குப் பக்கத்துல "மூர் மார்க்கெட், 3 ரூபாய்". இன்னொண்ணுல "தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த பரிசு". இன்னொண்ணு வார இதழ்ல வந்த தொடரைக் கிழிச்சு பைண்ட் பண்ணினது, அதுக்கு ஓவியர் பேர் எழுதியிருக்கார். ஒண்ணுல "கடைசி 4 பக்கம் இல்லை, முடிவு வாய்வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது" :-) இன்னொண்ணுல யார் இரவல் வாங்கிட்டுப் போனாங்க, எந்தத் தேதி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒவ்வொரு விதமான விவரம். எல்லாத்துக்கும் கட்டம் போட்டா நாப்பது கட்டம் வரும், முக்கால்வாசி காலியா இருக்கும். கடைசியில எல்லாரும் பண்றதைப் பண்ணணும். 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் போட்டு எல்லாத்தையும் அதுல கொட்டிடறது. கொட்டினதைத் திருப்பித் தேடி எடுக்கறது கஷ்டம்.

ட்ரிப்பிள்ல இந்தப் பிரச்சினையே இல்லை. எந்தப் புத்தகத்துக்கு எது தெரியுமோ அதை மட்டும் எழுதினா போதும். தெரியாததுக்குக் காலிக் கட்டம் தேவையில்லை. நான் எழுதினது இப்படி இருக்கும்:

நூல்:412 சொல்:எழுதியவர் ஆள்:17 .
நூல்:412 சொல்:வாங்கியஇடம் "மூர் மார்க்கெட்" .
நூல்:412 சொல்:இரவல்வாங்கியவர் ஆள்:63 .
ஆள்:63 சொல்:உறவு "தபாலாபீஸ் சிநேகிதர்" .

மூணு துண்டு, கடைசியில ஒரு முற்றுப்புள்ளி. மேல முன்னொட்டுகளை அறிவிக்க ரெண்டு மூணு வரி உண்டு, அவ்வளவுதான். விளக்கத்துக்காகத் தமிழ்ல மாத்தினேன்னு நினைச்சுடாதீங்க, ஃபைல்ல இருக்கறதே இதுதான். இந்த எழுத்து முறை யூனிகோடை ஏத்துக்கும், அதனால சொல்லும் பேரும் தமிழ்லயே இருக்கலாம். இந்த முறைக்கு டர்ட்டில்னு பேரு, அதாவது ஆமை. டபிள்யூ3சி இதை 2014-ல முறையான பரிந்துரையா ஆக்குச்சு. நான் எழுதின காலத்துல என்3-ங்கற அதோட பெரியண்ணன் பேர்ல புழங்கிச்சு. ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. எங்க வீட்டுல இந்த ஆமை புகுந்து நல்லதுதான் நடந்துச்சு.

எழுதியாச்சு. படிக்க ஒரு லைப்ரரி வேணுமே? அப்போ சந்தையில நாலு பேர் நல்லா தெரிஞ்சாங்க.

முதல் ஆள் ஜெனா. இங்கிலாந்துல பிரிஸ்டல்ல இருந்த எச்பி ஆராய்ச்சிக் கூடத்துல 2000 வாக்கில ஆரம்பிச்சது, ஜாவா. கல்யாணச் சமையல் அண்டா மாதிரி. சேமிக்க, கேள்வி கேக்க, இருக்கற தகவல்ல இருந்து புதுத் தகவலை ஊகிச்சு எடுக்க, எல்லாத்துக்கும் உள்ளேயே பாத்திரம் உண்டு. ரெண்டாவது செசமி. நெதர்லாந்துல அடுனாங்கற கம்பெனி எழுதினது, இதுவும் ஜாவா. மூணாவது ரெட்லேண்ட். சி மொழியில பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல டேவ் பெக்கட் எழுதினது. ஆமை எழுத்து முறையை வடிவமைச்சவரும் அவரே. நாலாவது ஆர்டிஎஃப்லிப். டேனியல் கிரெக் 2002-ல ஆரம்பிச்ச பைதான் லைப்ரரி. அண்டா இல்லை, வீட்டு இட்லிச் சட்டி. 1,140 புத்தகத்துக்கு இட்லிச் சட்டி போதும்.

ஆர்டிஎஃப்லிப்ல எனக்குப் பிடிச்சது அதோட எளிமை. காலியா ஒரு கிராஃபை உருவாக்கறோம், ஃபைலைக் காட்டி 'பார்ஸ்' பண்ணச் சொல்றோம். அப்புறம் ஒரு 'ஃபார்' சுத்து சுத்தினா ஒவ்வொரு வாக்கியமும் மூணு மூணா கையில விழும். 63-ம் நம்பர் ஆள் என்னென்ன புத்தகம் வாங்கினார்னு பாக்கணுமா? எழுவாய் இடத்தைக் காலியா விட்டு, மத்த ரெண்டையும் குடுத்தா போதும். பொருந்தற புத்தகம் எல்லாம் வந்துடும்.

இதையே கொஞ்சம் பெருசாக் கேக்கறதுக்குத்தான் ஸ்பார்க்கிள். 2008 ஜனவரியில பரிந்துரையானது. பேரைப் பாத்து மிரள வேண்டாம். கோடிட்ட இடத்தை நிரப்புகதான். "ஏதோ ஒரு நூல், அதை எழுதியவர் ஏதோ ஒரு ஆள், அந்த நூலை இரவல் வாங்கியவர் இன்னொரு ஆள்"னு மூணு நாலு வாக்கியத்தை ஓட்டையோட எழுதிக் குடுத்தா, எந்தெந்த விதத்துல அந்த ஓட்டைகள் நிரம்பும்னு பட்டியல் போட்டுக் குடுக்கும். எந்தச் சிநேகிதர் எந்த எழுத்தாளரை விரும்பி வாங்கிட்டுப் போனார்னு பெரியப்பாவுக்கு ஒரு பட்டியல் எடுத்துக் குடுத்தேன். ஒரு வாரம் அதையே கையில வச்சுகிட்டு சிரிச்சுகிட்டே இருந்தார்.

இங்க ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும். இந்தக் கருவிகளோட குணம் மத்த டேட்டாபேஸ் மாதிரி இல்லை. 'திறந்த உலகம்'னு ஒரு கொள்கை. எழுதப்படாதது பொய்னு ஆகாது, தெரியாதுன்னுதான் அர்த்தம்.

இதைப் பாடம் எடுக்கறதுக்கு உலகம் பூரா பீட்சாவைத்தான் வச்சுக்கறாங்க. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோட ப்ரொட்டேஷேங்கற இலவசக் கருவிக்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துல ஒரு பாடம் எழுதினாங்க, பீட்சாவை வச்சு. மார்கரீட்டாங்கற பீட்சாவுல தக்காளி இருக்கு, சீஸ் இருக்குன்னு எழுதிட்டு, "இது சைவமா?"ன்னு கேட்டா இயந்திரம் ஆமான்னு சொல்லாது. தக்காளியும் சீஸும் இருக்குன்னுதானே சொன்னீங்க, வேற எதுவும் இல்லைன்னு சொல்லலையே, கோழி இருந்தாலும் இருக்கலாம் இல்லையா? "இது ரெண்டைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது"ன்னு தனியா ஒரு வாக்கியம் எழுதினாத்தான் சைவம்னு ஒத்துக்கும். புதுசா ஒரு ஹோட்டலுக்குப் போற நம்ம வீட்டுப் பாட்டி மாதிரின்னு வச்சுக்கோங்களேன் :-)

நிறைய பேருக்கு இந்த இடத்துல எரிச்சல் வரும். எனக்கு வரலை, ஏன்னா எங்க பெரியப்பாவும் அப்படித்தான். இரவல் போன புத்தகம் 70-க்கு மேல இருந்துச்சு. திரும்பி வந்ததுன்னு குறிச்சது பத்தோ பன்னெண்டோதான். "மீதி எல்லாம் வரலைன்னு போட்டுடட்டுமா?"ன்னு கேட்டேன். "வரலைன்னு எப்படிடா சொல்லுவ? குடுத்திருப்பான், நான் குறிச்சிருக்க மாட்டேன். குடுத்தது தெரியும், அதை மட்டும் எழுது"ன்னார். சாதாரண டேட்டாபேஸ்ல அந்த இடத்துல 'இல்லை'ன்னு ஒரு பூஜ்யத்தைப் போட்டிருப்போம். அந்தப் பூஜ்யம் அவரோட சிநேகிதர்கள் அம்பது பேரைத் திருடனாக்கியிருக்கும்.

அடுத்து, இந்தக் கருவிகள்லாம் என்ன ஆச்சுங்கற கதை.

2009-ல எச்பி செமன்டிக் வெப் ஆராய்ச்சியை நிறுத்திடுச்சு. ஜெனா அனாதையாகியிருக்கணும். எழுதினவங்க விடலை. 2010 கடைசியில அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொண்டு போனாங்க, 2012-ல அங்க முழு உறுப்பினர் ஆச்சு, இன்னைக்கும் புது வெளியீடு வருது. செசமி 2016-ல எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய் ஆர்டிஎஃப்4ஜே-ன்னு பேர் மாத்திக்கிச்சு.

ஃப்ரீபேஸ் கதை கொஞ்சம் சோகம். மெட்டாவெப்ங்கற கம்பெனி 2007-ல பொதுவுல விட்ட தகவல் களஞ்சியம், ஊர் கூடி நிரப்பினது. 2010-ல கூகுள் மெட்டாவெப்பை வாங்குச்சு. 2012-ல கூகுள் தன்னோட நாலெட்ஜ் கிராஃபை அறிவிச்சப்போ அதுக்குப் பின்னாடி இருந்த ஆதாரங்கள்ல ஃப்ரீபேஸும் ஒண்ணு. 2015-ல எழுதறதை நிறுத்தினாங்க, 2016-ல கடையையே மூடிட்டாங்க. ஆனா பாருங்க, அதே மெட்டாவெப்ல அழுக்கான பட்டியல்களைத் துவைக்கறதுக்குன்னு கிரிட்வொர்க்ஸ்னு ஒரு சின்னக் கருவி எழுதியிருந்தாங்க. அது கூகுள் ரிஃபைன் ஆச்சு. கூகுள் கையை விட்டதும் 2012-ல ஓபன்ரிஃபைன்னு தன்னார்வலர்கள் எடுத்துகிட்டாங்க. வீடு இடிஞ்சுடுச்சு, வீட்டைப் பெருக்கின தொடப்பம் இன்னும் உழைக்குது. அந்தத் தொடப்பத்தை நான் இப்பவும் உபயோகிக்கறேன்.

எல்லாம் சுபம்னு சொல்லிட முடியாது. விக்கித்தரவுக்கு 2015-ல ஒரு ஸ்பார்க்கிள் சேவை ஆரம்பிச்சாங்க, யார் வேணா கேள்வி கேக்கலாம். அதுக்கு அடியில ஓடினது பிளேஸ்கிராஃப். அதை எழுதினவங்கள்ல முக்கியமானவங்க அமேசானுக்குப் போயிட்டாங்க. அமேசான் 2017 கடைசியில நெப்டியூன்னு ஒரு கிராஃப் டேட்டாபேஸை அறிவிச்சுது. அதுக்கப்புறம் பிளேஸ்கிராஃப்ல சொல்லிக்கற மாதிரி வேலை நடக்கலை. விக்கித்தரவோ ஆயிரம் கோடி ட்ரிப்பிளைத் தாண்டிப் போயிகிட்டே இருந்துச்சு. பாரம் தாங்காம 2025 மே மாசம் கிராஃபையே ரெண்டாப் பிரிச்சாங்க. ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒரு பக்கம், மத்ததெல்லாம் இன்னொரு பக்கம். திறந்த மூலம்னா சாகா வரம்னு அர்த்தம் இல்லை. உக்காந்து பாத்துக்க ஆள் இல்லைன்னா அதுவும் மூச்சு வாங்கும். ஆனா விக்கித்தரவுல இருந்த வாக்கியங்கள்ல ஒண்ணுகூடத் தொலையலை. மொத்தத் தகவலும் ஆர்டிஎஃப்-ல இருக்கு, வேற இன்ஜினுக்கு மாத்திக்க வழி இருக்கு. வண்டிதான் பழசு, சரக்கு பத்திரம்.

எங்க வீட்டுச் சரக்குக்கும் இதே சோதனை வந்துச்சு. பெரியப்பா பட்டியலோட ஒரு பிரதியை, அலமாரியைப் படம் பிடிச்ச மாதிரி அழகாக் காட்டற ஒரு இணைய சேவையிலயும் ஏத்தி வச்சிருந்தோம், உறவுக்காரங்க பாக்கறதுக்காக. அந்தச் சேவை ஒரு நாள் மூடிடுச்சு. தலைப்பும் ஆசிரியர் பேரும் இருக்கற ஒரு பட்டியலை மட்டும் எடுத்துக்கச் சொன்னாங்க. மூர் மார்க்கெட்டும் தபாலாபீஸ் சிநேகிதரும் அதுல இல்லை. அவங்களுக்கு அதுக்குக் கட்டம் இல்லையே.

இன்னொரு பக்கம் ஆர்டிஎஃப்லிப்பும் சும்மா இருக்கலை. பதிப்பு மாற மாற உள்ளே இருந்ததை எல்லாம் இடம் மாத்தினாங்க. ஸ்பார்க்கிளைத் தனியாக் கழட்டி வெளியே வச்சாங்க, 2013-ல திரும்ப உள்ளே சேர்த்தாங்க. நடுவுல பைதான் 2-க்கே 2020-ல காரியம் பண்ணியாச்சு. 2007-ல எழுதின என் புரோகிராம்ல இன்னைக்கு ஒரு வரிகூட ஓடாது. ஆனா ஃபைல்? போன மாசம் ஆர்டிஎஃப்லிப் 7-ல குடுத்தேன். ஒரு எழுத்து மாத்தாம, மொத்தம் 9,000 ட்ரிப்பிளும் வரிசையா வந்து நின்னுச்சு. அதே ஃபைலை ஜெனாவுக்குக் குடுத்தாலும் படிக்கும், ஆர்டிஎஃப்4ஜே-வுக்குக் குடுத்தாலும் படிக்கும். பதினெட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. கூட அந்தக் காலத்துல சேமிச்ச எத்தனையோ வகை ஃபைல் இப்ப ஐகானா மட்டும்தான் தெரியுது.

இதுக்குக் காரணம் நான் கெட்டிக்காரன்ங்கறது இல்லீங்க. வாக்கியம் வெறும் எழுத்து, அதுக்கு இலக்கணம் பொதுச் சொத்து, பேர்கள் யாரோட மென்பொருளையும் நம்பி இல்லை. தலைப்பு, ஆக்கியோன் மாதிரி பொதுவான விஷயங்களுக்கு டப்ளின் கோர்ங்கற சொல் பட்டியலை உபயோகிச்சிருந்தேன். (டப்ளின்னா அயர்லாந்து இல்லை, அமெரிக்காவுல ஒஹையோவுல இருக்கற டப்ளின். 1995-ல நூலகக்காரங்களும் கணினிக்காரங்களும் அங்க கூடிப் பேசினதுல இருந்து வந்தது.) அந்தப் பேர்கள்லாம் பர்ல்னு ஒரு நிரந்தர முகவரிச் சேவையில இருக்கு. ஓசிஎல்சிங்கற நூலக அமைப்பு நடத்திட்டு இருந்தது. 2016-ல இணைய ஆவணக் காப்பகம் பொறுப்பெடுத்துகிச்சு. நடத்தற கை மாறுச்சு, என் ஃபைல்ல ஒரு பேரும் மாறலை.

பெரியப்பா 2015-ல தவறிட்டார். புத்தகங்களை ஒரே இடத்துல வச்சுக்க யார் வீட்டுலயும் இடம் இல்லை. பாதி ஊர் நூலகத்துக்கு, மீதி நாங்க நாலு பேர் பிரிச்சுகிட்டோம். ஃபைல்ல 'இப்போதுஇருக்கும்இடம்'னு ஒரு புதுச் சொல்லைச் சேர்த்தேன். பழைய வரி எதையும் தொட வேண்டி இல்லை, எந்தக் கட்டத்தையும் மாத்த வேண்டி இல்லை. 1,140-ம் ஒண்ணா இருக்கற இடம் இப்ப அந்த ஃபைல் மட்டும்தான்.

காரியத்துக்கு அப்புறம் 63-ம் நம்பர்க்காரரோட மகன் ஒரு பையோட வந்தார். அவங்கப்பா வாங்கிட்டுப் போனதாம், திருப்பிக் குடுக்கச் சொல்லியிருந்தாராம். பையில மூணு புத்தகம். ஃபைல்ல அவர் பேருக்கு ரெண்டுதான் இருந்துச்சு. மூணாவதைக் குடுத்ததை எங்க பெரியப்பா எழுதவே இல்லை. மூணுக்கும் 'திரும்பியது'ன்னு ஒரு வரி சேர்த்தேன். மூணாவதுக்கு முதல்ல 'இரவல்வாங்கியவர்'னு ஒரு வரி.

சரி, இந்த ஃபைலை வச்சுகிட்டு இப்ப என்ன பண்றேன்னு கேப்பீங்க. புத்தகம் எழுதினவங்க சுமார் 310 பேர். அவங்களை ஓபன்ரிஃபைன் வச்சு விக்கித்தரவோட பொருத்தினேன். பொருந்தின ஒவ்வொருத்தருக்கும் ஒரு கியூ எண் கிடைக்கும், அதுல இருந்து அவங்க இறந்த தேதி கிடைக்கும். விக்கித்தரவுல அந்த விவரத்துக்கு பி570-ன்னு பேரு. நம்ம நாட்டுச் சட்டப்படி பொதுவா ஆசிரியர் இறந்து 60 வருஷம் முடிஞ்சா பதிப்புரிமை முடியுது. உதாரணமா கல்கி இறந்தது 1954-ல. அரசு நாட்டுடைமை ஆக்கினதைத் தனியா விட்டாலும், 2014 முடிஞ்சதோட அந்தக் கணக்கு தீர்ந்துடும். ஆக, ஒரே ஒரு ஸ்பார்க்கிள் கேள்வியில, பெரியப்பா அலமாரியில எந்தெந்தப் புத்தகத்தைத் தைரியமா ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் குடுக்கலாம்னு ஒரு பட்டியல் வந்துடுது. அவர் எழுதாத ஒரு விவரத்தை, யாரோ முகம் தெரியாதவர் எங்கேயோ உக்காந்து எழுதி வச்சிருக்கார். ரெண்டு பேரும் ஒரே பேரை உபயோகிச்சதால ஒட்டிகிச்சு. பீட், லூசி கதையெல்லாம் இருக்கட்டும், எனக்குத் தெரிஞ்ச செமன்டிக் வெப் இதுதான்.

ஆனா 310-ல 190 பேர்தான் பொருந்தினாங்க. மீதி 120 பேருக்கு எண்ணே இல்லை. நாப்பதுகள்ல, அம்பதுகள்ல துப்பறியும் கதை எழுதினவங்க, மொழிபெயர்ப்பாளர்கள், ஒரே ஒரு நாவலோட நிறுத்திகிட்ட பெண்கள். இயந்திரத்துக்கு இவங்க 'இல்லை' கிடையாது, 'தெரியாது'. நியாயமாப் பாத்தா அப்படித்தான். ஆனா தேடறவங்க கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். ஆதாரம் கிடைச்சவங்களை ஒவ்வொருத்தரா விக்கித்தரவுல சேர்த்துட்டு வர்றேன். இதுவரைக்கும் 34 பேர். இதுக்கு எந்த லைப்ரரியும் உதவாது. முன்னுரையைப் படிக்கணும், பழைய இதழைப் புரட்டணும், பேரன் பேத்தியைத் தேடிப் பிடிக்கணும். கருவிங்க எல்லாம் தயாராத்தான் இருக்கு. வாக்கியம்தான் பத்தலை.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பேரேடு இருக்கும். பாட்டுக் கேசட் பட்டியலோ, அம்மாவோட பலகாரக் கணக்கோ, குலதெய்வம் கோயில் வரவு செலவோ. அதை எந்தச் சேவையில ஏத்தினாலும் ஏத்துங்க, பக்கத்துலயே வெறும் எழுத்தா ஒரு பிரதி இருக்கட்டும். ஒவ்வொண்ணுக்கும் மாறாத ஒரு பேரோ எண்ணோ வைங்க. தெரிஞ்சதை எழுதுங்க, தெரியாததுக்கு 'இல்லை'ன்னு போடாதீங்க. ஆர்டிஎஃப்லிப் போட அரை மணி நேரம் ஆகாது. போடத் தெரியாதவங்க ஒரு நோட்டுல மூணு மூணா எழுதி வச்சாலும் சரி, பின்னாடி வர்ற பிள்ளைங்க பாத்துக்கும்.

பி.கு: நாப்பதுகள், அம்பதுகள் காலத்துத் தமிழ் நாவல் எதுவும் வீட்டுல கிடந்தா, முதல் ரெண்டு பக்கத்தைப் படம் பிடிச்சு அனுப்புங்க. அதுல இருக்கற ஒரு பேருக்கு எண் வாங்கிக் குடுத்துடலாம்.